தையலில் கசியும் மழை

வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால், குடை உதவாத இருசக்கர வாகனப் பயணத்துக்கு ரெயின்கோட் இன்றியமையாததாகிறது. ஆயினும் விலையை மட்டும் பார்த்து வாங்கப்படும் மழையுடை பெரும்பாலும் துணியில் அன்றித் தையலிலேயே கசிகிறது. ஊசி துளைத்த ஒவ்வொரு புள்ளியும் நீர் நுழையும் வழியாதலால், உடையை உட்புறமாகப் புரட்டி, தையலின்மேல் நீர்புகா நாடா, அதாவது வெப்பத்தால் ஒட்டப்படும் மெல்லிய பட்டை, இடைவெளியின்றி ஓடுகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். குறிப்பாக, இருக்கையில் தேங்கும் நீர் முதலில் புகுவது கால்சட்டையின் கவட்டுத் தையலில்தான். பி.வி.சி. என்னும் நெகிழித் தாளால் ஆன உடை விலை குறைந்தது, நீரையும் நன்கு தடுப்பது. ஆனால் வியர்வையை வெளிவிடாது, மடிப்புகளில் விரைவில் வெடித்துவிடும். உட்புறம் நீர்த்தடுப்புப் பூச்சிடப்பட்ட நைலான் அல்லது பாலியஸ்டர் உடை சற்றுக் கூடுதல் விலையாயினும், பல மழைக்காலங்கள் உழைக்கக்கூடியதாதலால் அதுவே உண்மையான சிக்கனம். வண்டியில் அமரும்போது கால்சட்டை மேலேறும் என்பதால் ஓர் அளவு பெரியதைத் தேர்ந்து, அதன் விளிம்பு சூடான சைலன்சரில் பட்டு உருகாதபடி கணுக்காலில் இறுக்கிக்கொள்ள வேண்டும். காற்றில் பறக்கும் போர்வை வகை மழையங்கி சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கக்கூடுமாதலால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாகன ஓட்டிகள் அதைத் தவிர்க்க வேண்டும்.