தமிழ்ச்செல்விக்கு எந்த ஊர்?

சேத்தூர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, மில்லில் ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தங்கைமாரே!

2007-இல் வந்த 'சிவாஜி' படத்தைப் பார்க்காதவர்கள் இந்தக் கூட்டத்தில் அதிகம் இருக்க மாட்டீர்கள். நானும் பார்த்தேன், சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இன்று கணக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

கதாநாயகியின் பெயர் தமிழ்ச்செல்வி. அடக்கமான குடும்பத்துப் பெண். நடித்தவர் வடக்கிலிருந்து வந்த ஸ்ரேயா. அவர் வாயிலிருந்து வந்த தமிழோ மதுரையில் பிறந்த கனிகா கொடுத்தது. குரலுக்கு மதுரை ஆகுமாம், முகத்துக்கு ஆகாதாம்!

அதே படத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். முகத்தில் கரியை அப்பி நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் வந்து நின்றால் நாம் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேடம். பெயர் என்ன தெரியுமா? அங்கவை, சங்கவை. வள்ளல் பாரியின் மகளிர் ஐயா! பாரி மாண்டபின் புலவர் கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடம் போனார், இருங்கோவேளிடம் போனார். இரண்டு சிற்றரசர்களும் கட்டிக்கொள்ள மாட்டோம் என்றார்கள். மறுத்தார்களே தவிர, நிறத்தைக் காட்டிச் சிரித்ததாகப் புறநானூற்றில் இல்லை. அதை நாம் செய்தோம். டிக்கெட் எடுத்துச் செய்தோம்.

சரி, கதைக்கே கறுத்த பெண்தான் வேண்டும் என்றால் அப்போதாவது கூப்பிடுகிறார்களா? 2021-இல் 'ஜெய் பீம்'. செங்கேணி இருளர் பெண். நடித்தவர் கேரளத்து லிஜோமோள் ஜோஸ், நிறத்தைக் கருக்கிக்கொண்டு. பிரமாதமாக நடித்தார், அந்தத் தங்கையோடு எனக்கு வழக்கில்லை. கறுப்பை டப்பாவில் வாங்குகிறவர்களோடுதான் வழக்கு.

நடிப்புக்கு ஏது ஊர், ஏது நிறம் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஓர் இருளர் பெண்ணைக் கோடீசுவரன் மகளாக நடிக்க வையுங்கள், பார்ப்போம். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற பிள்ளை, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் நிற்கிற பிள்ளை, இவர்களில் ஒருத்தியைச் சுவிட்சர்லாந்தில் டூயட் பாட விடுங்கள். மாட்டார்கள். இந்தக் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும்.

இது கோடம்பாக்கத்து நோய் மட்டுமல்ல. ஹாலிவுட்டில் 1937-இல் 'தி குட் எர்த்' என்று ஒரு படம். சீன விவசாயக் குடும்பத்தின் கதை. ஆன்னா மே வாங் என்ற சீன வம்சாவளி நடிகை அப்போது பெரும்பெயர் பெற்றிருந்தார். நாயகி வேடம் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போனது, கூடவே ஆஸ்கரும். வாங்குக்கு நீட்டியது குடும்பத்தைக் குலைக்க வரும் சின்ன வீட்டு வேடம். அந்த அம்மாள் முடியாது என்று சொல்லிவிட்டார்.

சினிமாக்காரனை மட்டும் திட்டிவிட்டு இறங்கினால் நான் யோக்கியன் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் நமக்குக் கூப்பிடு தூரம். ஒரு பள்ளி ஆண்டு விழாவில் ஆண்டாள் நாடகம். என் பேத்திக்குப் பாட்டு முழுக்க மனப்பாடம். ஆனால் வேடம் சிவந்த பிள்ளைக்கு, இவளுக்குத் தோழி. அழுதுகொண்டே வந்து கேட்டாள்: "கண்ணன் வேஷமாவது தரக்கூடாதா தாத்தா, அவரு கறுப்புத்தானே?"

போய்ப் பார்த்தேன். கண்ணனுக்கும் ஒரு வெள்ளைப் பையனைப் பிடித்து நீலம் பூசிக்கொண்டிருந்தார்கள்.