நெஞ்செலும்பின் பின்னே ஒரு கட்டி



காலையில் மரம் வெட்டப் புறப்படும்போது நன்றாக இருந்த கண்ணிமை, பொழுது சாயும் நேரத்தில் தானாகத் தொங்கிப் போகிறது. எதிரே வரும் ஓர் ஆள் இரண்டு ஆளாகத் தெரிகிறார். இரவில் சோற்றை விழுங்கச் சிரமமாக இருக்கிறது. தூங்கி எழுந்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. இதை நாம் வேலைக் களைப்பு என்று விட்டுவிடுகிறோம். சிலர் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுகிறோம். நாள்தோறும் இப்படியே நேர்ந்தால் அது மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோயாக இருக்கலாம். அந்நோய் உள்ளவர்களில் 100க்கு 10 முதல் 15 பேருக்கு நெஞ்சுக்குள்ளே ஒரு கட்டியும் இருக்கும். அக்கட்டியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. நோய்க் கிருமிகளோடு போராடும் ஒருவகை வெள்ளை அணுக்கள் பயிற்சி பெறும் இடம் அது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும் இச்சுரப்பி, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும். ஆகவே பெரியவர்களுக்கு அதை எடுத்துவிட்டாலும் வாழ்க்கை நடக்கும்.

இச்சுரப்பியில் தோன்றும் கட்டி அரிதானது. நடு வயதிலும் அதற்கு மேலும் வருவதே வழக்கம். பெரும்பாலும் மெதுவாக வளரும். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்ளும் நோய் அன்று. பலருக்கு வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரிய வருகிறது. சிலருக்கு நெஞ்சுவலி, விடாத இருமல், மூச்சுத் திணறல், முகவீக்கம் ஆகியவை தோன்றும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு முதலில் சொன்ன தசைத் தளர்ச்சியும் சேர்ந்து வரும்.

இதற்கு முதல் மருந்து கத்திதான். 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஆல்பிரட் பிளாலக் என்ற மருத்துவர், தசைத் தளர்ச்சியால் வாடிய ஓர் இளம் பெண்ணின் தைமஸ் கட்டியை அறுத்து எடுத்தார், அப்பெண் தேறினாள். இன்றும் அதே வழிதான். சுரப்பியையும் அதைச் சுற்றிய கொழுப்பையும் சேர்த்தே அகற்றுகிறார்கள். லாலான் புல்லை மேலாக அரிந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். மண்ணுக்குள் ஒரு துண்டு வேர் இருந்தாலும் மறுபடி தழைக்கும். இக்கட்டியும் அப்படித்தான். கட்டி பக்கத்து உறுப்புகளுக்குள் புகுந்திருந்தால் கதிர்வீச்சும், சிலருக்கு ஊசி மருந்தும் வேண்டியிருக்கும்.

பிழைப்பார்களா என்பதே குடும்பத்தாரின் முதல் கேள்வி. கட்டி தன் உறைக்குள்ளேயே, அல்லது உறையைச் சற்றே தாண்டிய நிலையில் இருக்கும்போது முழுவதும் எடுத்துவிட்டால், 10 ஆண்டுகள் கழிந்தும் அக்கட்டியால் உயிரிழக்காதவர்கள் 100க்கு 90 பேருக்கும் மேல். நுரையீரலிலோ பெரிய இரத்தக் குழாயிலோ புகுந்துவிட்டால், எடுத்த பிறகும் மூன்றில் ஒருவர் வரை மீண்டும் வரக்கூடும். தைமஸ் புற்று என்னும் கடுமையான வகையோ இதைவிட வேகமாகப் பரவும்.

இங்கேதான் நாம் தவறு செய்கிறோம். அறுவை முடிந்து ஓராண்டு, ஈராண்டு ஆகிறது, உடம்பு தேறிவிடுகிறது. "நன்றாகத்தானே இருக்கிறேன், பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே" என்று பரிசோதனையை விட்டுவிடுகிறோம். இக்கட்டியோ பொறுமைசாலி. ஐந்து ஆண்டு கழித்தும் வரும். பத்து ஆண்டு கழித்தும் வரும். நுரையீரலைப் போர்த்திய சவ்வில் விதை தூவியதுபோல் முளைப்பது அதன் வழக்கம். அப்போது வலி இருக்காது, ஸ்கேனில்தான் தெரியும். ஆகையால் முதல் 2 ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் 10 ஆண்டு வரை ஆண்டுக்கு ஒருமுறையும் ஸ்கேன் எடுப்பது பொதுவான முறை. உங்கள் மருத்துவர் குறித்துக் கொடுக்கும் நாளே உங்களுக்குரிய நாள்.

திரும்பி வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். சீக்கிரம் கண்டால் பலருக்கு மறுபடியும் அறுத்து எடுக்கலாம். அப்படி முழுவதும் எடுக்கப்பட்டவர்கள் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். தசைத் தளர்ச்சி அறுவைக்குப் பின்னும் சிலருக்கு நீடிக்கும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. ஜென்டாமைசின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற சில மருந்துகள் அந்நோயை முற்றச் செய்யும். எனவே காய்ச்சலுக்காகச் சின்ன கிளினிக்குக்குப் போனாலும் நோயின் பெயர் எழுதிய அட்டையைக் காட்டுங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ திடீரெனச் சிரமப்பட்டால் விடியும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

அடுத்த பரிசோதனை நாளை வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் சொல்லி வைத்தால், அது மறக்காமல் நினைவூட்டும். ஒரு நாள் சம்பளம் போனால் அடுத்த மாதம் சரிக்கட்டிக் கொள்ளலாம்.