புகை நீர்: உழவர்க்கு ஒரு சொல்



வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் நம்மவர் பலர் உழவர் குடியினர். ஆதலின் வயற்காட்டுச் செய்தி ஒன்றையே பேச எடுத்துக்கொண்டேன். அறுவடை முடிந்ததும் கழிவுகளைக் குவித்துத் தீயிடுகிறோம். அத்தீயில் புழு, பூச்சி முதலாக மண்ணின் மேற்பரப்பில் வாழும் எண்ணிறந்த உயிர்கள் மாய்கின்றன. அந்திக்குப்பின் உண்ணாமை போற்றும் இல்லத்தார் இதனைச் செய்யலாகுமா?

எரிவதற்குக் காற்று வேண்டும். காற்றை அடைத்து 400 முதல் 500 பாகை செல்சியசு வரை சூடேற்றினால், கழிவு எரியாது, சிதைந்து கரியாகும். இதுவே வெப்பச் சிதைவு. அப்போது எழும் புகையை நீண்ட குழாய்வழிச் செலுத்திக் குளிர்வித்தால் துளித்துளியாய் வடிவதே புகை நீர். குளிராது எஞ்சும் வளியை உலைக்கே எரிபொருளாக்கலாம். சப்பானியக் கரி சுடுவோர் இந்நீரை 'மொக்குசாக்கு' என வழங்குவர். இந்தோனேசியாவில் கொட்டாங்கச்சிப் புகை நீரால் இரப்பர்ப் பாலை உறையச் செய்கின்றனர்.

வடித்த அன்றே தெளித்தல் கூடாது. சில மாதங்கள் அசையாது வைத்தால் மேலே மெல்லிய எண்ணெயும் அடியில் தாரும் பிரியும். இடையில் நிற்கும் செம்பழுப்பு நீரே பயன்படுவது. அதிற் பெரும்பகுதி தண்ணீர். அசிட்டிக் அமிலமும் பீனால்களும் சிறிதளவு. அதனையும் 200 முதல் 500 மடங்கு நீரிற் கலந்தே தெளித்தல் வேண்டும். செறிவு மிகுந்தால் இலை கருகும். சிலர் இதனைப் பூச்சிக்கொல்லி என்றே பரிந்துரைப்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் நெடி பூச்சியை விலக்கினால் போதாதா?

தாய்மார்களுக்கு ஒன்று: கடைகளில் உணவுக்கென விற்கும் புகைச்சாறு வேறு. அதிலுங்கூட எட்டு வகைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இசைவைப் புதுப்பிக்கவில்லை. வயலுக்கு வடித்தது அடுக்களைக்குள் வரவே கூடாது.

எல்லாக் கழிவும் உலைக்கு ஏற்றதன்று. கரும்புச் சோகையை வரிசைகளுக்கிடையே மூடாக்காக விடுதலே நன்று. கொட்டாங்கச்சி, பருத்தி மிளார், வேர்க்கடலைத் தோல் ஆகியன உலைக்கு உரியவை. தனியொரு குடும்பத்துக்கு உலை சுமையாகும். ஊருக்கு ஒன்று எனக் கூடி அமைக்கலாம். உலையில் அடுக்குமுன் கழிவை வெயிலில் பரப்பி உதறி, இரண்டொரு நாள் விட்டுவையுங்கள். ஈரமும் வற்றும், ஒண்டியிருக்கும் சிற்றுயிர்களும் வெளியேறும்.