சிறு சொல், பல வேர்
(கருத்தரங்கத் தலைமை உரை)



ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு முதலில் வாய்ப்பவை 'ரன்', 'செட்', 'இயர்', 'பேங்க்' போன்ற சின்னஞ்சிறு சொற்கள். அகராதி செய்தவர்களைப் பெரிதும் அலைக்கழித்தவையும் இவைதாம்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியப் பொறுப்பை ஜேம்ஸ் மர்ரி 1879-இல் ஏற்றார். தகரக் கொட்டகை ஒன்றே அவருடைய பணிமனை. பல நாட்டு வாசகர்கள் தாம் படித்த நூல்களிலிருந்து ஒரு சொல், அது வரும் வாக்கியம், நூற்பெயர், ஆண்டு ஆகியவற்றைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பினார்கள். சீட்டுகள் மாடங்களில் குவிந்தன. 1915-இல் மர்ரி மறைந்தார். 1928-இல்தான் முதற்பதிப்பு நிறைவுற்றது. அதில் மிக நீண்ட பதிவு மூன்றே எழுத்துள்ள 'செட்' என்ற சொல்லுக்கு உரியது. பின்னாளில் அகராதியைத் திருத்தியபோது பீட்டர் கில்லிவர் 'ரன்' என்ற வினைக்கு மட்டும் ஒன்பது மாதம் செலவிட்டார். 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்.

ஆறு ஓடுகிறது, கடை நடக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, துணியின் சாயம் பரவுகிறது. இவ்வளவுக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' ஒன்றே போதும். அமெரிக்காவில் தேர்தலில் நிற்பதற்கும் அதே சொல்தான். எந்தப் பொருள் எங்கே பொருந்தும் என்பதைப் பக்கத்துச் சொற்களே சொல்லிவிடும். பலபொருள் ஒருசொல்லை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்த நெறி இங்கும் அப்படியே பொருந்துகிறது.

பொருள் பெருகுவது ஒரு பக்கம். வேர் வேறுபடுவது இன்னொரு பக்கம். "ரெண்டு செட் துணி எடுத்தாச்சு" என்கிறோம். "அந்த வேலை எனக்கு செட் ஆகல" என்றும் சொல்கிறோம். தொகுதியைக் குறிக்கும் முதல் 'செட்', லத்தீன் 'செக்டா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பொருந்துவதைக் குறிக்கும் இரண்டாவது, உட்காரவைத்தல் என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வினை. காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவத்தில் கலந்துவிட்டன.

காதுக்கும் தானியக் கதிருக்கும் ஆங்கிலத்தில் 'இயர்' என்றே பெயர். கதிர் காதுபோல் இருப்பதால் வந்த பெயர் என்று தோன்றும். உண்மையில் இவை வேறு வேறு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் ஈற்றுயிரால் வேறுபட்டிருந்தன. அந்த உயிர் தேய்ந்ததும் ஒன்றாகிவிட்டன.

'பேங்க்' இதற்கு நேர்மாறு. ஆற்றங்கரைக்கும் பணம் போடும் வங்கிக்கும் உறவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இரண்டும் ஒரே ஜெர்மானிய வேரின் கிளைகள். கரை ஸ்காண்டிநேவிய வழியில் வந்தது. வங்கியோ, இத்தாலியில் நாணயம் மாற்றுவோர் போட்டிருந்த பலகையின் பெயரிலிருந்து வந்தது.

இனி நமக்கு நெருங்கிய சொல், 'கேஷ்'. 1808-இல் பர்மிங்காமில் அச்சாகி, கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக்கு அனுப்பிய செப்பு நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்'. அது நம் 'காசு'தான். போர்த்துகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி ஆங்கிலத்துக்குப் போன சொல். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது அன்றைய சென்னைக் கணக்கு. 1886-இல் வெளிவந்த யூல், பர்னல் இருவரின் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இந்த நாணயக் 'கேஷு'க்குத் தனிப் பதிவே தந்தது.

ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' அப்படியல்ல. பெட்டியைக் குறிக்கும் லத்தீன் 'காப்சா'விலிருந்து இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்தது அது. இதையும் காசின் பிள்ளை என்று உரிமை கொண்டாட ஆசை எழுவது இயல்பு. சான்று அதற்கு இடம் தரவில்லை. பொய்யாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், மெய்யாக நம்முடையதான நாணயக் 'கேஷை'யும் உலகம் ஐயுறும்.

ஆகவே கட்டுரை வழங்க வந்திருக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒலி ஒத்திருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். சொல் முதலில் எழுத்தில் பதிவான ஆண்டு, அது வந்த வழி, வழியில் அடைந்த ஒலிமாற்றம் ஆகிய மூன்றையும் அவையின் முன் வையுங்கள். இந்த இரண்டு நாள் விவாதமும் அந்தச் சான்றுகளின் மேல் நடக்கட்டும்.