பேர் மாறாத படமும் திரும்பி வந்த சேலைக் கட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கம்ப்யூட்டர் துறையில் வேலைவாய்ப்பு' என்ற தலைப்பில் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த ஹாலிலேயே இருக்கிறார்கள். "நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்திப் பேசறேனே" என்றேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

நம்ம ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்த்தால் கரிசல் காட்டில் மல்லியும் பருத்தியும் கைவிட்டுவிடும். அருப்புக்கோட்டையில் பல வீடுகளுக்குத் தறிதான் கஞ்சி ஊற்றும். 2022-ஆம் வருஷம் எங்கள் தெரு நெசவாளர்கள் சிலர் சேர்ந்து, தாங்களே நேரடியாகச் சேலை விற்க ஓர் இணையதளம் வேண்டும் என்றார்கள். பெங்களூரில் வேலை முடிந்த பிறகு ராத்திரியில் உட்கார்ந்து செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை. கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அதற்கு நான் எடுத்துக்கொண்ட கருவி 'வீட்'. பிரெஞ்சு மொழியில் 'வேகமாக' என்று அர்த்தம். 'வியூ' என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பை உருவாக்கிய இவான் யூ 2020-இல் வெளியிட்டது. நாம் துண்டு துண்டாக எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களைச் சேர்த்து, சுருக்கி, சர்வரில் ஏற்றுவதற்குத் தோதாகக் கட்டித் தரும் வேலை அதனுடையது. அதற்குப் பேர் பில்டு டூல். புரோகிராம் மட்டுமா ஒரு தளம்? படம், எழுத்துரு, ஐகான், பி.டி.எஃப். எல்லாம் உண்டே. இவற்றை ஸ்டாட்டிக் அசெட் என்பார்கள்.

வீட் இவற்றுக்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, 'பப்ளிக்' என்ற ஃபோல்டரில் போடுவது. என்ன பேரில் போட்டோமோ அதே பேரில், தொடாமல் காப்பியாகி வெளியே வரும். இன்னொன்று, புரோகிராம் எழுதுவது போலவே படத்தையும் 'இம்போர்ட்' செய்வது. நான் முதல் வழியைப் பிடித்தேன். சோம்பேறித்தனம், வேறென்ன! 'சேலை-1', 'சேலை-2' என்று வரிசையாகப் போட்டுவிட்டேன்.

இன்னொரு காரியமும் செய்தேன். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் எங்கள் சித்தப்பா ஊரில் போனில் ஒரு கோடுதான் சிக்னல் காட்டும். ஒரு தடவை இறங்கிய படத்தை மறுபடியும் இறக்க வைக்கக் கூடாது என்று, படங்களை எல்லாம் 3,15,36,000 விநாடி, அதாவது ஒரு வருஷம், பிரவுசர் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்று சர்வரில் எழுதி வைத்தேன். நல்ல எண்ணம்தான்.

நாலு மாசம் கழித்து 14-ஆம் நம்பர் சேலையின் கரையை அரக்கிலிருந்து பச்சைக்கு மாற்றினார்கள். புதுப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அதே பேரில் மாற்றி ஏற்றினேன். என் கம்ப்யூட்டரில் பச்சை வந்தது, மனநிறைவோடு தூங்கினேன். மூன்று வாரத்தில் அண்ணாச்சியிடமிருந்து போன்.

"தம்பி, ஈரோட்டு யாவாரி நாப்பது சேலையையும் திருப்பி அனுப்பிட்டாரு. அரக்குக் கரைன்னு பாத்துத்தான் கேட்டாராம்."

"படத்தை மாத்தி மூணு வாரம் ஆச்சே, அண்ணாச்சி."

"நீங்க மாத்தினீக, இல்லைன்னு சொல்லல. அவரு போன்ல அரக்குத்தானே தெரியுது?"

எனக்கு வியர்த்துவிட்டது. வியாபாரி அந்தப் பக்கத்தை முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறார். அவர் போன் படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டது. மறுபடி திறந்தபோது, 'சேலை-14 தானே, நம்மகிட்டயே இருக்கே' என்று பழையதையே எடுத்துக் காட்டியிருக்கிறது. பிரவுசர் மேல் தப்பில்லை. ஒரு வருஷம் வைத்துக்கொள் என்று சொன்னதே நான்தான். என் மெஷினில் மட்டும் ஏன் சரியாக வந்தது? வேலை வசதிக்காக நான் எப்போதுமே சேமிப்பை நிறுத்தி வைத்திருப்பேன். வாடிக்கையாளர் பார்க்கும் விதத்தில் நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. மூன்று வீட்டுக் கூலி அந்தக் கட்டில் மாட்டிக்கொண்டது, தீபாவளிக்கு முந்தின மாசம்.

ஊருக்கு வந்தேன். அண்ணாச்சி திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பேசிக்கொண்டே நூல் கட்டைப் பிரித்தார். அதில் ஒரு சீட்டு. "ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு நம்பர், தம்பி. ஒரே பச்சைன்னு கண்ணுக்குத் தெரியும். நம்பர் வேறன்னா ஒரே பாவுல சேக்க மாட்டோம்."

இம்போர்ட் வழியில் வீட் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். படத்துக்குள் இருக்கும் பைட்டுகளைக் கணக்குப் போட்டு ஓர் அடையாளக் குறியை எடுக்கிறது. ஹாஷ் என்கிறோம். அதைப் பேரோடு ஒட்டி, 'அசெட்ஸ்' என்ற ஃபோல்டரில் வைக்கிறது. பக்கத்தில் அந்தப் படம் வரும் இடங்களிலும் தானே புதுப் பேரை எழுதிவிடுகிறது. படம் மாறினால் குறி மாறும், பேர் மாறும். பிரவுசர் புதிதாகக் கேட்டே ஆக வேண்டும். படம் மாறாவிட்டால் ஒரு வருஷம் என்ன, எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், திருச்சுழிப் பக்கமும் செலவில்லை. ஒரே நிபந்தனை: எச்.டி.எம்.எல். பக்கத்துக்குப் பேர் மாறாது. ஆகவே அதை மட்டும் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் விசாரித்துவிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். நல்ல காலம், என் ஒரு வருஷக் கெடுவைப் பக்கத்துக்கும் சேர்த்துப் போடவில்லை. போட்டிருந்தால் திருத்தின பிறகும் அந்த வியாபாரி அரக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இது வீட் கண்டுபிடித்த சங்கதி அல்ல. ரூபி ஆன் ரெயில்ஸ் 2011-லேயே இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 2012-இல் ஜெர்மனியின் டோபியாஸ் கோப்பர்ஸ் தொடங்கிய வெப்பேக், படத்தையும் புரோகிராம் போலவே இம்போர்ட் செய்யலாம் என்பதைப் பரவலாக்கியது. அதற்கு முதலில் ஃபைல்-லோடர், யூ.ஆர்.எல்.-லோடர் என்று தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். 2020 அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் உள்ளேயே வைத்தார்கள்.

மாணவர்களுக்காக இன்னும் கொஞ்சம். 4 கிலோபைட்டுக்குக் குறைவான படத்தை வீட் தனி ஃபைலாக வைக்காது. பேஸ்64 எழுத்தாக மாற்றிப் புரோகிராமுக்குள்ளேயே செருகிவிடும். சர்வருக்கு ஒரு நடை மிச்சம்; ஆனால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 'படம் காணோமே' என்று பதறாதீர்கள். இம்போர்ட் செய்த படம் இல்லாவிட்டால் பில்டே நின்றுவிடும். பப்ளிக் ஃபோல்டரில் இல்லாவிட்டால் சத்தமே இருக்காது, வாடிக்கையாளர்தான் சொல்வார். விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் கிடையாது. லினக்ஸ் சர்வரில் உண்டு. இந்த ஒன்றில் மட்டும் என் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது. தளத்தை ஒரு துணை ஃபோல்டரில் ஏற்றினால் 'பேஸ்' என்ற அமைப்பில் அந்தப் பாதையை எழுத வேண்டும். இல்லையென்றால் எல்லாப் படமும் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போகும். புதுசு ஏற்றியதும் பழைய ஃபைல்களை உடனே அழிக்காதீர்கள். காலையில் பக்கத்தைத் திறந்து வைத்தவர் சாயங்காலம் பட்டனை அமுக்குவார், அவருக்குப் பழையதுதான் வேண்டும்.

பப்ளிக் ஃபோல்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. தேடுபொறிகள் படிக்கும் ரோபாட்ஸ் ஃபைல் மாதிரி, பேர் மாறவே கூடாதவற்றுக்கு அதுதான் இடம். சேலைப் படத்துக்கு அல்ல.

அந்த நாற்பது சேலைக்கும் நான் பணம் தருகிறேன் என்றேன். அண்ணாச்சி கேட்கவில்லை. உள்ளூரிலேயே தீபாவளிக்குள் முப்பத்தெட்டு விற்றுவிட்டார், விலையைக் குறைத்துத்தான். மீதி இரண்டை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்று அம்மாவுக்கு. பச்சைக் கரைதான், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு தயார் என்று சைகை காட்டுகிறார்கள். இரண்டரை மணியிலிருந்து நாலு மணி வரை கம்ப்யூட்டர் லேபில் இருப்பேன். புராஜெக்டில் படம் வராமல் தவிக்கும் தம்பி தங்கைகள் லேப்டாப்போடு வரலாம்.