கலங்கல் எந்தப் பக்கம்?

(சங்கராபுரத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடைப் பேச்சு எனக்கு வராது. "எதையாவது பேசுடா" என்று தள்ளிவிட்டார்கள். எனவே நான் குடியிருக்கும் வேளச்சேரியைப் பற்றிச் சொல்கிறேன்.

வேலை கிடைத்துச் சென்னைக்குப் போன புதிதில், வேளச்சேரி என்றால் எனக்கு பறக்கும் ரயில், நூறடி சாலை, அடுக்குமாடி, அவ்வளவுதான். பிறகுதான் தெரிந்தது, அது சோழர் காலத்து ஊர். தண்டீசுவரர் கோயில் கல்வெட்டுகளில் வெளிச்சேரி என்று பெயர் வருகிறது. ஏரி, வயல், கோயில் என்று நம்ம பக்கத்துக் கிராமம் மாதிரியே இருந்த ஊர்தான். அந்த ஏரி ஒரு காலத்தில் சுமார் 265 ஏக்கர். இன்று மிஞ்சியிருப்பது 55 ஏக்கர் அளவில். மிச்சத்தை ஏதோ ஒரு பூதம் ராத்திரியோடு ராத்திரியாக விழுங்கிவிடவில்லை. குடியிருப்புகளுக்கென்று அரசே ஒரு பகுதியை ஒதுக்கியது, சாலை வந்தது, ஆக்கிரமிப்பும் சேர்ந்துகொண்டது. 2007இல் பறக்கும் ரயிலும் வந்துவிட்டது. அப்புறம் என்ன, என்னைப் போன்றவர்கள் பெட்டியோடு போய் இறங்கிவிட்டோம்.

ஏரி நிரம்பினால் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். போகிற வழியில் நாங்கள் படுத்திருக்கிறோம்!

2015 டிசம்பரில் நான் வாடகைக்கு இருந்தது தரைத்தளம். ராத்திரி கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை மாடி வீட்டுக்காரர்கள்தான் கைபிடித்து ஏற்றினார்கள். என் சான்றிதழ்கள் எல்லாம் ஊறிப்போயின. மொட்டை மாடியில் அம்மா கேட்டாங்க: "ஏன்டா, வீடு பாக்கும்போது கலங்கல் எந்தப் பக்கம்னு கேக்க மாட்டியா?" நான் கேட்டது பார்க்கிங் உண்டா, போர் தண்ணி உப்பா, இரண்டே கேள்விதான். பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்குத் தெரிந்தது எஞ்சினீயருக்குத் தெரியவில்லை. இப்போது மழை என்று அறிவித்தாலே எங்கள் ஆட்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் பாலம் முழுக்கக் கார்கள்தான்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது நமக்கெல்லாம் சந்தோஷம். எனக்கும்தான். நேற்று என் தாய்மாமா ஒரு மனைப்பிரிவுக்கு அழைத்துப் போனார். "மாப்ள, நீதான் எஞ்சினீயர் ஆச்சே, பாத்துச் சொல்லு" என்றார். வண்ணக் கொடி, வெள்ளையடித்த கல், எல்லாம் ஜோர். நடந்து பார்த்தேன். பின்வரிசையில் மூன்று மனைகளுக்குக் குறுக்கே ஒரு பள்ளம் ஓடுகிறது, இரண்டு பக்கமும் கோரைப்புல். அண்ணாந்து பார்த்தால் எதிரே ஏரிக்கரை. மாமா முன்பணம் கட்டியிருப்பது அந்த மூன்றில் நடுமனைக்கு. பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்த பணம்.

"அதெல்லாம் பழைய வாய்க்கால் மாப்ள, தண்ணி வந்து பல வருஷமாச்சு" என்கிறார். வேளச்சேரியிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

நாளை காலை பத்து மணிக்கு அவரைத் தாலுக்கா அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறேன், புல வரைபடத்தில் அந்த வாய்க்கால் இருக்கிறதா என்று பார்க்க. நான் படித்தது மெக்கானிக்கல். மாமாவுக்கு அது தெரியும். சிவில் நண்பர்கள் யாராவது ஒருவர் கூட வந்தால் உபகாரமாக இருக்கும். டீ, வடை என் செலவு.