தாலமியின் படத்தில் தமிழ் நகரங்கள்



பெங்களூரில் வாழும் நம்மவர் ஒருவர் பழைய தேசப்படங்களைச் சேர்க்கத் தொடங்கினால், முதலில் இந்நகரின் படத்தையே தேடுவார். 1791-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காரன்வாலிஸ் பிரபுவின் படை இக்கோட்டையை முற்றுகையிட்டதைக் காட்டும் போர்ப்படங்கள் அவர் கண்ணிற்படும். அதற்கு மேலும் பின்சென்று, ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து அச்சுப்படங்களில் பெங்களூரைத் தேடுவது பெரும்பாலும் வீண் முயற்சியே. கெம்பே கௌடர் இங்குக் கோட்டை எடுத்ததே 1537-இல்தான். ஆனால் அப்படங்களில் மதுரை இருக்கிறது, உறையூர் இருக்கிறது, காவிரிப்பூம்பட்டினமும் இருக்கிறது.

இவ்விந்தைக்குக் காரணர் அலெக்சாந்திரியாவில் கி. பி. 150 அளவில் வாழ்ந்த தாலமி. இந்நாட்டை அவர் கண்டவரல்லர். வணிகரும் மாலுமிகளும் சொன்னவற்றைத் தொகுத்து, ஊர்தோறும் அளவை குறித்து வைத்தார். அந்தக் கிரேக்க நூல் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. 1477-இல் பொலோஞா நகரிலும், 1482-இல் உல்ம் நகரிலும் படங்களுடன் அச்சேறியது. அவற்றுள் ஆசியாவின் பத்தாம் படம் நம் நாட்டினது.

அப்படத்தைக் காண்போர் நகைப்பர். தென்னாடு கூம்பாமல் தட்டையாகக் கிடக்கிறது. இலங்கையோ பன்மடங்கு பெருத்திருக்கிறது. எனினும் பெயர்களைப் படியுங்கள். மொதூரா, பாண்டியன் தலைநகர் என்ற குறிப்புடன் நிற்கிறது. ஒர்த்தூரா என்பதை உறையூரென அறிஞர் கொள்வர். கோல்கி நம் கொற்கை. காபேரிஸ் காவிரியின் கழிமுகத்துப் பட்டினம். தமிழ் வாயிலிருந்து கிரேக்கச் செவிக்கும், அங்கிருந்து இலத்தீனுக்கும் போய்வந்த பெயர்கள் இத்துணையேனும் தேறியது, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்குச் சிறிது பொறாமையையே தருகிறது!

வாஸ்கோ ட காமா 1498-இல் கள்ளிக்கோட்டையை அடைந்த பின்னர், கடற்கரையின் மெய்யுருவம் தெரியலாயிற்று. 1513-இல் ஸ்திராஸ்பூர்க்கில் வெளிவந்த பதிப்பில் புதிய படங்கள் சேர்ந்தன. பழையதையும் விட்டாரில்லை, இரண்டையும் ஒரே நூலில் அச்சிட்டனர். பிழையென்று தெரிந்தும் முன்னோர் சொல்லைக் காத்த அச்செயலை நான் குறைகூற மாட்டேன்.

இனி, வாங்குவோர்க்குச் சில சொற்கள். செப்புத்தகட்டில் அச்சான படத்தின் ஓரத்தில் தகடு அழுந்திய தடம் இருத்தல் வேண்டும்; மரக்கட்டை அச்சில் அதனை எதிர்பார்க்கலாகாது. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீர்க்குறி தெரியக்கூடும். வண்ணம் மட்டும் பளபளத்தால் ஐயுறுக, பிற்காலத்தார் பூசியதாயிருக்கலாம்.

இவற்றினும் பெரிய சங்கடம் ஒன்றுண்டு. தனித்தாளாக விற்பனைக்கு வரும் படங்களிற் பல, முழு நூல்களைப் பிரித்து எடுக்கப்பட்டவை. நூலொன்றை விற்பதினும் அதனைத் தாள்தாளாகக் கிழித்து விற்பதில் ஆதாயம் மிகுதி. நாம் தரும் விலையே அடுத்த நூலுக்குக் கத்தியாகிறது. நெடுங்காலத்துக்கு முன்னரே பிரிந்துபோன தாளை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. அண்மையில் நூலிலிருந்து அறுத்தெடுத்ததாகத் தோன்றினால் வாங்காது விடுவதே முறை.

வாங்கிய தாளைச் சட்டமிடும்போது அட்டையில் ஒட்டிவிடாதீர்கள். பல பதிப்புகளில் படத்தின் பின்புறத்தே இலத்தீன் உரை அச்சாகியிருக்கும். உங்கள் மதுரை எந்த ஊரில், எந்த ஆண்டில் அச்சேறியது என்பதைக் கண்டறிய அவ்வுரை பெரிதும் துணைசெய்யும்.